குளிருக்குக் காத்திருக்கும் குமிழம், மழைக்குக் காத்திருக்கும் குமிழம்



பொங்கலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் நம் நாட்டுப் பூக்கடைகளில் ஒரு பொருள் விற்பனைக்கு வரும். பார்ப்பதற்குப் பெரிய வெங்காயம் போலவே இருக்கும். பழுப்புத் தோல், அடியில் வேர்த் தழும்பு, உச்சியில் பச்சை முளை. கூழாங்கல் போட்ட தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் கிண்ணமுமாகப் பூத்து, கூடமெல்லாம் மணக்கும். சீனர்கள் இதைச் 'சுய் சியான்' என்கிறார்கள். நீர்த் தேவதை என்று பொருள். இதன் அறிவியல் பெயர் நார்சிசஸ் டசெட்டா. ஐரோப்பிய நாள்காட்டிகளில் மஞ்சள் மஞ்சளாக நீங்கள் பார்த்திருக்கும் டாஃபடில் பூவும் இதே நார்சிசஸ் இனம்தான்.

பெருநாள் முடிந்ததும் பலர் அந்தக் குமிழத்தை எறிய மனமில்லாமல் பூச்சட்டியில் புதைத்து வைக்கிறார்கள். தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடுத்த ஆண்டு பூ வருவதில்லை. இன்னும் சிலர் இணையக் கடையில் 'குட்டி டாஃபடில்' படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நான்கு இலை வரும், அல்லது அழுகிப் போகும். "என் கைக்கு ராசியில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

இதற்கும் கை ராசிக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு குமிழமும் தன் சொந்த ஊரின் பருவத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அந்தப் பருவம் வரும்வரை காத்திருக்கிறது. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், கோல சிலாங்கூரில் எது பூக்கும், எது பூக்காது என்பதை வாங்குவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு வெங்காயத்தை வெட்டுங்கள்

அம்மாவிடம் கேட்டு ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து, உச்சியிலிருந்து அடிவரை நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். அடியில் கெட்டியான சிறு தட்டு தெரிகிறதா? அதுதான் தண்டு. வேர்கள் அதிலிருந்துதான் கீழே இறங்குகின்றன. தட்டின் மேல் ஒன்றையொன்று மூடிக்கொண்டு நிற்கும் சதைப்பற்றான அடுக்குகள் எல்லாம் இலைகள், உணவைச் சேர்த்துவைத்துத் தடித்துப்போன இலைகள். வெளியே உள்ள காய்ந்த தோல், உள்ளே ஈரம் போகாமல் காக்கும் உறை. நட்ட நடுவில் இளம்பச்சையாக இருப்பது மொட்டு. இப்படி அமைந்த தரைகீழ்த் தண்டுக்குத்தான் குமிழம் என்று பெயர்.

உருளைக்கிழங்கும் மண்ணுக்குள் உணவைச் சேர்க்கிறது. ஆனால் அது முழுக்க முழுக்கத் தண்டு. இஞ்சியும் அப்படியே. குமிழத்தில் தண்டு வெறும் தட்டளவுதான், சேமிப்பெல்லாம் இலையில் இருக்கிறது. இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டுமல்ல, வளர்ப்புக்கும் உதவும். அடித்தட்டு அழுகிவிட்டால் குமிழம் பிழைக்காது. மேலே இரண்டு அடுக்குக் காய்ந்தாலும் தட்டு நல்லபடியாக இருந்தால் மீண்டும் வேர்விடும்.

குமிழத்தை ஓர் உண்டியலாக நினைத்துக்கொள்ளுங்கள். இலை பச்சையாக இருக்கும் மாதங்களில் ஒளிச்சேர்க்கையால் கிடைப்பதைச் செடி அதில் போடுகிறது. பூக்கும்போது எடுத்துச் செலவழிக்கிறது. சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் உள்ள ஜாங்ஜோ பகுதி விவசாயிகள் சுய் சியான் குமிழம் ஒன்றை விற்பனை அளவுக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வளர்க்கிறார்கள். நீங்கள் கடையில் வாங்குவது மூன்று ஆண்டுச் சேமிப்பு. அது உங்கள் கூடத்தில் ஒரே மாதத்தில் செலவாகிறது. தட்டில் இருப்பது தண்ணீரும் கல்லும் மட்டுமே என்பதால் திரும்பச் சேர்க்க வழியில்லை. மறு ஆண்டு பூக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

டாஃபடில் கேட்கும் மூன்று மாதக் குளிர்

டாஃபடிலின் காட்டு உறவினர்கள் பெரும்பாலும் ஸ்பெயின், போர்ச்சுகல், வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே கோடை வறண்டது, குளிர்காலம் ஈரமானது. கோடையில் இலை காய்ந்துவிடும். செடி செத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் குமிழத்துக்குள் அடுத்த ஆண்டின் பூ உருவாகிறது. இலையுதிர் காலத்தில் குமிழத்தை வாங்கி வெட்டிப் பார்ப்பவர்கள், நடுவில் பொடிப்பொடியாக இதழும் மகரந்தத் தாளும் ஏற்கெனவே அமைந்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் காணலாம்.

பூ உள்ளே தயார். பிறகு ஏன் வெளியே வரவில்லை? குளிர் வேண்டும். ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்குக் கீழே, ஈரத்தோடு, 12 முதல் 15 வாரங்கள் குமிழம் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் சேமித்த மாவுச்சத்து சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுகிறது. பூத்தண்டின் உயிரணுக்கள் நீள்வதற்குத் தயாராகின்றன. குளிர் போதாவிட்டால் தண்டு நீளாது. உள்ளே இருக்கும் மொட்டு அங்கேயே கருகிவிடும். மேலே வெறும் இலை மட்டும் தெரியும்.

ஏன் இவ்வளவு நீண்ட கணக்கு? ஒரே ஓர் இரவு குளிர்ந்ததும் குமிழம் முளைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் வரும் உறைபனி அந்த இளம் பூவைக் கொன்றுவிடும். வாரக் கணக்கில் குளிரை எண்ணிய பிறகே வெளியே வரும் குமிழம், குளிர்காலம் கடந்துபோனதை உறுதிசெய்துகொண்டு வருகிறது. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட செடிகளே பிழைத்து வழிவழியாகப் பெருகின.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கோல சிலாங்கூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகையளவே வடக்கே உள்ளது. இரவில்கூட 23, 24 பாகை வெப்பம் இருக்கும். ஆண்டு முழுவதும் பகலின் நீளத்தில் ஏற்படும் வேறுபாடு அரை மணி நேரத்திற்கும் குறைவு. கேமரன் மலைக்குப் போனால்? தானா ராத்தாவில் 1978-இல் பதிவான 7.8 பாகைதான் நம் நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை என்று சொல்லப்படுகிறது. வழக்கமான இரவுகள் அங்கே 15 பாகையை ஒட்டியே இருக்கும். நாடே நினைவில் வைத்திருக்கும் அந்த ஓர் இரவின் குளிரை டாஃபடில் மூன்று மாதம் தொடர்ந்து கேட்கிறது.

குளிர்பதனப் பெட்டியால் ஏமாற்றலாமா?

ஏமாற்றலாம், ஒருமுறை. 'டெட்-ஆ-டெட்' என்ற குட்டி டாஃபடில் உலகெங்கும் பூச்சட்டிகளில் வளர்க்கப்படுகிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அலெக் கிரே என்பவர் உருவாக்கிய வகை அது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஒரே தண்டில் இரண்டு பூக்கள் அடிக்கடி அருகருகே நிற்கும். தலையோடு தலை சேர்த்துப் பேசுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் பெயராக அமைந்தது.

இப்படிப்பட்ட குமிழம் உங்களிடம் இருந்தால், சற்று ஈரமான மண் நிரப்பிய சிறு சட்டியில் நட்டு, குளிர்பதனப் பெட்டியின் காய்கறி வைக்கும் பகுதியில் 12 முதல் 15 வாரங்கள் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. பழுத்த ஆப்பிளும் வாழைப்பழமும் அதே பெட்டியில் இருக்கக் கூடாது. பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். வெளியே எடுத்த பிறகு வீட்டிலேயே மிகக் குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். பூ வரலாம். நம் வெப்பத்தில் சில நாள்களே நிற்கும்.

அடுத்த ஆண்டு? இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. பூத்து முடிந்த டாஃபடில், குளிர்ந்த வசந்தத்தில் பல வாரம் இலையோடு நின்று உண்டியலை நிரப்பும். நம் ஊர் வெயிலில் இலை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். இரவு வெப்பம் கூடக்கூட செடியின் சுவாசமும் கூடும். பகலில் சம்பாதித்ததில் பெரும்பகுதி இரவிலேயே கரைந்துவிடும். உண்டியல் நிரம்பாது. ஆகையால் இது வளர்ப்பு ஆகாது, ஒரு சோதனை. சோதனையாகச் செய்யுங்கள், தவறில்லை. தோட்டம் போடலாம் என்று காசைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் குமிழத்தைப் பெட்டிக்குள் போட்டு எடுத்துவரச் சொல்லாதீர்கள். 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டத்தின்படி செடி, விதை, குமிழம் ஆகியவற்றைக் கொண்டுவர அனுமதி வேண்டும். தென் அமெரிக்காவில் ரப்பர் மரங்களை அழிக்கும் இலைக்கருகல் நோய் நம் நாட்டுக்குள் வராமல் தடுக்கப்படுவதும் இத்தகைய கட்டுப்பாடுகளால்தான்.

சுய் சியானைப் பராமரிப்பது எப்படி?

சுய் சியானுக்கு அந்த நீண்ட குளிர் தேவையில்லை. அதன் பூ மொட்டு கோடைச் சேமிப்புக் காலத்தில் வெப்பத்திலேயே உருவாகிறது. அதனால்தான் நம் வீட்டுத் தட்டிலும் அது பூக்கிறது. வாங்கும்போது கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். காய்ந்த தோலை உரித்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, கூழாங்கற்களுக்கு நடுவே நிற்கவையுங்கள். தண்ணீர் அடித்தட்டைத் தொட்டால் போதும். குமிழம் மூழ்கினால் அழுகும். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படட்டும். இருட்டான மூலையில் வைத்தால் இலை நீண்டு சாய்ந்துவிடும்.

தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். அழுகலைத் தடுப்பதற்கு மட்டுமல்ல, ஏடிஸ் கொசுவுக்கும் அந்தத் தட்டு நல்ல வீடு. டிங்கிக் காய்ச்சல் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல.

ரப்பர் வந்தது, செம்பனை வந்தது. டாஃபடில் ஏன் வரவில்லை?

"ரப்பரும் வெளிநாட்டு மரம்தானே, அது மட்டும் எப்படி இங்கே வளர்ந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

ரப்பர் பிரேசிலின் அமேசான் காட்டு மரம். லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. நம் நாட்டில் அது முதலில் அழகு மரமாகத்தான் இருந்தது. ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பெஸ்தாரி ஜெயா பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

உலக வரைபடத்தை எடுத்து அமேசான், மேற்கு ஆப்பிரிக்கா, சிலாங்கூர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். மூன்றும் நிலநடுக்கோட்டை ஒட்டியவை. கடல் தாண்டி வந்தாலும் அந்த மரங்கள் தங்கள் பருவத்தைத் தாண்டி வரவில்லை. டாஃபடிலின் சொந்த ஊர் 40 பாகை வடக்கே இருக்கிறது. ஒரு செடி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைவிட, எந்தப் பருவத்திலிருந்து வருகிறது என்பதே முக்கியம்.

அப்படியானால் டாஃபடில் குடும்பத்தில் நம் பருவத்துக்கு ஏற்ற குட்டிப் பூ எதுவும் இல்லையா? இருக்கிறது. உங்களில் பலர் அதை மிதித்துக்கொண்டே நடந்திருப்பீர்கள்.

லயத்து வாசலில் பூத்த மழை லில்லி

தோட்டத்து லயங்களின் வாசலோரம், கோயில் சுற்றுச்சுவரின் அடியில், பள்ளித் திடலின் விளிம்பில் புல்போல ஒரு செடி இருக்கும். மற்ற நாள்களில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நல்ல வெயில் அடித்து, பிறகு ஒரு பெருமழை பெய்து, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால், வாசல் நெடுக இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். இதுதான் மழை லில்லி. டாஃபடிலும் இதுவும் அமரில்லிடேசி என்ற ஒரே குடும்பம். உயரம் ஒரு சாண் அல்லது சற்று அதிகம். ஆறு இதழ்கள். இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பல வகை உண்டு.

இதன் அறிவியல் பெயர் செஃபிராந்தஸ். கிரேக்க மொழியில் மேற்குக் காற்றின் பூ என்று பொருள். 1821-இல் வில்லியம் ஹெர்பர்ட் இப்பெயரை வைத்தார். இதன் தாயகம் மேற்கே உள்ள அமெரிக்கக் கண்டம். ஆனால் நம் கடற்கரை மக்களுக்கு அந்தப் பெயர் வேறு விதத்திலும் பொருந்தும். விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து பாய்ந்து வரும் இடிமழைக் காற்றை நாம் 'சுமத்ரா' என்கிறோம். அந்த மேற்குக் காற்று அடித்துப் பெய்த மழைக்குப் பிறகும் இந்தப் பூ எழுந்து நிற்கும்.

டாஃபடில் குளிரை எண்ணுவது போல, மழை லில்லி வறட்சியையும் அதன் பிறகு வரும் ஈரத்தையும் அடையாளம் காண்கிறது. மண் காய்ந்திருக்கும்போது மொட்டு குமிழத்துக்குள் காத்திருக்கும். மழையில் மண் நனைந்து குளிர்ந்ததும் தண்டு வேகமாக நீளும். பூ ஓரிரு நாளே நிற்கும். பின்னர் மெல்லிய கறுப்பு விதைகள் ஈரமான மண்ணில் விழுந்து சில வாரங்களில் முளைக்கும். வறண்ட மண்ணில் விழுந்திருந்தால் வீணாகியிருக்கும். ஆக, இதுவும் சரியான கணக்குதான்.

மேற்குக் கரையில் பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்திலும் நடு ஆண்டிலும் மழை குறையும். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். காய்ச்சலும் மழையும் மாறி மாறி வரும் இந்த ஊர், மழை லில்லிக்கு ஏற்ற ஊர்.

வளர்க்கும் முறை

குமிழம்: அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரு கொத்தே தோண்டிக் கொடுப்பார்கள். சின்ன வெங்காயத்தைவிடச் சிறியதாகவோ அதே அளவிலோ இருக்கும். மெத்தென்று இருப்பதையும் நாற்றம் அடிப்பதையும் ஒதுக்குங்கள்.

மண்: கடலோரக் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குமிழம் அழுகும். ராஜா மூசா பக்கத்துக் கறுப்புப் பீட் மண் புளிப்புத் தன்மை மிகுந்தது. எதுவானாலும் தோட்ட மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். நன்றாக மக்கிய செம்பனை வெற்றுக் குலையும் எருவாகும். சட்டியின் அடியில் துளை கட்டாயம்.

நடுதல்: 20 சென்டிமீட்டர் அகலச் சட்டியில் பத்துக் குமிழங்கள் வைக்கலாம். கழுத்துப் பகுதி மண் மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் கவலை வேண்டாம், கொத்தாக வளர்வதே இதன் இயல்பு.

வெயில்: நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேரம். செம்பனை நிழலில் இலை மட்டும் செழிக்கும்.

தண்ணீர்: வேர் பிடிக்கும்வரை மண் காயாமல் ஊற்றுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால் அதற்குப் பருவம் மாறியதே தெரியாது.

உரம்: மாதம் ஒருமுறை கொஞ்சம். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் பெருக்கும். சாம்பல்சத்து உள்ள உரம் குமிழத்தை வலுப்படுத்தும்.

இலை: பூ வாடியதும் இலையை வெட்டாதீர்கள். உண்டியலில் காசு போடுவது அந்த இலைதான். புல்வெட்டும் இயந்திரம் வாரந்தோறும் ஓடும் இடத்தில் மழை லில்லி மெலிந்துபோவது இதனால்தான். நான்கு செங்கல்லை நட்டு எல்லை காட்டுங்கள்.

பூச்சி: கறுப்பு உடலில் வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் கொண்ட புழு, லில்லிக் குடும்ப இலைகளைத் தின்று குமிழம்வரை இறங்கும். கண்டதும் கையுறை போட்டுப் பொறுக்கி எடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் சவர்க்கார நீரால் துடையுங்கள்.

பிரித்தல்: இரண்டு, மூன்று ஆண்டுகளில் தாய்க் குமிழத்தைச் சுற்றிப் பக்கக் குமிழங்கள் நிறைந்துவிடும். தோண்டிப் பிரித்து நடுங்கள். தோழிகளுக்கும் கொடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

"குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் பூக்காது, வானத்துத் தண்ணீர் பட்டால்தான் பூக்கும்" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. உண்மையா? சோதிக்கலாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கின்றனவா? ஒரே வகை, ஒரே அளவுக் குமிழங்களை மூன்று சட்டிகளில் ஐந்தைந்தாக நடுங்கள். மண், சட்டி, வெயில் மூன்றிலும் வேறுபாடு இருக்கக் கூடாது. இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இரண்டு மாதம் நன்றாக வேர்விடட்டும். பிறகு மழை படாமல் தாழ்வாரத்தில் வையுங்கள். முதல் சட்டிக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றுங்கள். மற்ற இரண்டையும் நான்கு வாரம் காயப்போடுங்கள். அதன்பின் இரண்டாவதற்குக் குழாய் நீரும், மூன்றாவதற்கு அதே அளவு மழைநீரும் மண் முழுதும் நனையும்படி ஊற்றுங்கள். மழைநீர் வாளியை மூடி வைக்க மறக்காதீர்கள். இங்கே தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது?

பத்து நாள் தினமும் பூக்களை எண்ணி எழுதுங்கள். இரண்டாம் சட்டியும் மூன்றாம் சட்டியும் ஒரேபோல் பூத்தால், தேவைப்படுவது வறட்சிக்குப் பின் வரும் ஈரம்தான் என்று கருத இடமுண்டு. மூன்றாம் சட்டி மட்டும் பூத்தால், பாட்டி சொல்லை இன்னும் ஆழமாக ஆராய வேண்டும். முதல் சட்டி எதற்கு என்பதையும் யோசியுங்கள். ஒருமுறை செய்ததை மறுமுறையும் செய்து பாருங்கள். ஐந்து குமிழங்களில் கிடைத்த முடிவு தற்செயலாகவும் இருக்கலாம்.

கவனம்: இது வெங்காயம் அல்ல

நார்சிசஸ், மழை லில்லி, கடற்கரையோரம் வளரும் 'பாக்கோங்' ஆகியவற்றின் குமிழங்களில் லைக்கோரின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றுவலி வரும். இலையும் நாம் சமையலுக்கு வாங்கும் குச்சாய் போலவே இருக்கும். 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, டாஃபடிலைக் காய்கறிகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று கடைகளைக் கேட்டுக்கொண்டது. குச்சாய் என்று நினைத்துச் சமைத்தவர்கள் நோயுற்றதே காரணம். வெங்காயமும் குச்சாயும்கூட இதே அமரில்லிடேசி குடும்பம் என்பதால் தோற்றத்தில் இந்த ஒற்றுமை வியப்பில்லை. இலையைக் கசக்கினால் குச்சாயில் பூண்டு மணம் வரும், இவற்றில் வராது. ஆனால் மணத்தை மட்டும் நம்பிச் சமையலுக்கு எடுக்காதீர்கள். குமிழங்களைச் சமையலறையில் வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டுங்கள். தம்பி தங்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்ட கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வீட்டார் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். யாராவது தின்றுவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மீதிக் குமிழத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த நச்சுக் குடும்பமே மருந்தும் தருகிறது. மறதி நோயான அல்சைமருக்குத் தரப்படும் கலாண்டமின் என்ற மருந்துப் பொருள் டாஃபடிலில் இருக்கிறது. அதற்காகவே வேல்ஸ் நாட்டு மலைச்சரிவுகளில் டாஃபடில் பயிரிடப்படுகிறது.

லயம் இல்லாத இடத்தில் பூக்கும் பூ

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் உடைக்கப்பட்டன. குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. வாசலில் இருந்த மழை லில்லியை யாரும் ஏற்றவில்லை. அது மண்ணுக்குள் இருந்தது, கண்ணில் படவில்லை.

அது இன்னும் அங்கேயே இருக்கலாம். ஆள் இல்லாத இடத்தில் புல் மண்டியிருக்கும். ஆனால் ஒரு நீண்ட வெயிலுக்குப் பிறகு மழை பெய்தால், பழைய வாசல்கள் இருந்த வரிசையிலேயே பூ வரிசையாக எழும். எந்த வீடு எங்கே இருந்தது என்று அதைப் பார்த்தே தாத்தா பாட்டியால் சொல்லிவிட முடியும்.

அடுத்த நல்ல மழைக்கு ஐந்தாம் நாள், நில உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். பூத்திருந்தால் அடையாளம் வைத்து, ஒரு கைப்பிடிக் கொத்தை மண்ணோடு தோண்டி எடுத்து வாருங்கள். சட்டியில் நட்டு, எந்தத் தோட்டம், எந்த லயம், என்றைக்கு எடுத்தது என்று சீட்டு எழுதிக் குத்துங்கள். மண்வாரி இயந்திரம் வந்துவிட்டால் அந்த வரிசை போய்விடும். உங்கள் சட்டியில் இருப்பது போகாது.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. சுய் சியான் நம் வீட்டில் ஒருமுறை பூக்கிறது, டாஃபடில் குளிரூட்டாமல் ஒருமுறைகூடப் பூப்பதில்லை. ஏன்?

2. வெங்காயத் துண்டிலும் நார்சிசஸ் குமிழத் துண்டிலும் அயோடின் கரைசலைச் சொட்டினால் நிறமாற்றம் ஒரேபோல் இருக்குமா? வெங்காயம் தன் உணவைப் பெரும்பாலும் சர்க்கரைகளாகச் சேர்க்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்து பாருங்கள்.

3. மழை லில்லியின் இலையை வாரந்தோறும் வெட்டும் திடலில் பூக்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைவதை ஒளிச்சேர்க்கையைக் கொண்டு விளக்குங்கள்.

4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் என்ன பூ இருந்தது? அது எந்தப் பருவத்தில் பூத்தது?